பனா கசோண்டேயின் பெயரில்

காலையில் அலுவலகத்துக்குள் நுழைந்ததும் லோம்பே தன் மேசைக்குப் போவதில்லை. முதலில் ஜன்னலோரம் இருக்கும் விற்பனைக்காரம்மா பனா கசோண்டேயின் மேசைக்குப் போவாள். அங்கே உட்கார்ந்து ஒரு மணி நேரம் பனா கசோண்டேயாக வேலை பார்த்துவிட்டு, அப்புறம்தான் லோம்பே ஆவாள். அன்றும் அப்படித்தான். சிங்கோலா சுரங்கத்தில் கொள்முதல் பார்க்கும் சிசாங்கா, பம்புகளுக்கான ரப்பர் வளையங்கள் எப்போது வரும் என்று முந்தைய நாள் கேட்டிருந்தார். வீட்டில் எல்லாரும் நலமா, மூத்த மகளின் கல்யாண வேலையெல்லாம் எந்த அளவில் இருக்கிறது என்று விசாரித்துவிட்டு லோம்பே பதில் எழுதினாள். பனா கசோண்டே வீட்டை விசாரிக்காமல் விலையைப் பேச மாட்டார். மெயிலை அனுப்பிய பிறகு அதன் ஓரத்தில் இருந்த ஆரஞ்சு நிறப் பட்டனை அழுத்தினாள். அதை அழுத்தினால் மெயில் அந்த வாடிக்கையாளரின் கணக்கில் போய்ச் சேர்ந்துவிடும். தலைநகர் லுசாக்காவில் இருக்கும் தலைமை அலுவலகம் அதைத் திறந்து பார்த்து, கிட்வே கிளையின் பனா கசோண்டே காலையிலேயே வேலையைத் தொடங்கிவிட்டார் என்று தெரிந்துகொள்ளும். அன்று பட்டனுக்கு மேலே மஞ்சளாக ஒரு பட்டை வந்திருந்தது. இந்த வசதி மாதக் கடைசியோடு நிறுத்தப்படுகிறது, விவரங்களுக்கு உங்கள் கிளைப் பொறுப்பாளரைக் கேட்கவும் என்று அதில் எழுதியிருந்தது.

அந்தக் கிளைப் பொறுப்பாளர் வேறு யாருமில்லை, லோம்பேதான். கிளைக்கு மேலாளர் கிடையாது. இருந்தவர் ஓய்வு பெற்றுப் போன பிறகு லுசாக்காவுக்கு ஆள் அனுப்ப மனம் வரவில்லை. கம்ப்யூட்டரைப் பார்த்துப் பயப்படாத ஒரே ஆள் என்ற குற்றத்துக்காகப் பொறுப்பெல்லாம் லோம்பேயின் தலையில் வந்து விழுந்தது. விற்பனை ஆட்களைப் பழைய பட்டனிலிருந்து புது ஏற்பாட்டுக்கு மாற்றிவிட வேண்டும் என்ற உத்தரவு அவளுக்குப் போன வாரமே வந்துவிட்டது. படித்தாள், மூடினாள், இன்னொரு முறை படித்தாள். புது ஏற்பாட்டில் பட்டனே இல்லை. வருகிற மெயில், போகிற மெயில், யாரை எப்போது பார்க்கப் போகிறோம் என்ற குறிப்பு எல்லாவற்றையும் அதுவே எடுத்துக்கொள்ளும். பழையது கம்ப்யூட்டரில் ஒரு முறை குடியேறிவிட்டால் எதிரே உட்கார்ந்திருப்பது யார் என்று கேட்காது. புதியது கேட்கும். ஒவ்வொருவரும் தங்கள் சொந்தப் போனைக் கையில் வைத்துக்கொண்டு, திரையில் வரும் எண்ணை அதில் தட்டினால்தான் உள்ளே விடும்.

பனா கசோண்டே இந்த நாற்காலியில் கடைசியாக உட்கார்ந்து எட்டு மாதம் ஆகிவிட்டது. மழை கொட்டிக்கொண்டிருந்த நாட்களில் ஒரு திங்கட்கிழமை காலை அவர் குளியலறையில் விழுந்தார். பக்கவாதம். வலது கை, வலது கால், வாயில் பாதி போய்விட்டது. அந்த வாரம் சிசாங்காவுக்கு ஒரு பதில் போகாவிட்டால் பெரிய ஆர்டர் ஒன்று கைவிட்டுப் போய்விடும் என்ற நிலை. லோம்பே ஒரே ஒரு மெயிலை அவர் பெயரில் எழுதி, ஆஸ்பத்திரிக் கட்டிலில் அவரிடம் படித்துக் காட்டினாள். அவர் தலையை ஆட்டினார். அடுத்த வாரம் மூன்று மெயில். அதற்கப்புறம் படித்துக் காட்டுவதும் நின்றுபோனது. ஒருத்தரும் உட்கார்ந்து திட்டம் போடவில்லை. போட்டிருந்தால் பயந்துபோய் அன்றைக்கே விட்டிருப்பார்கள். கம்பெனி விதிப்படி நீண்ட நாள் படுக்கையில் இருப்பவரை டாக்டர்கள் குழு பார்த்துக் கையெழுத்துப் போட்டு வீட்டுக்கு அனுப்பிவிடும். அன்றைக்கே மருத்துவ அட்டையும் செத்துவிடும். அந்த அட்டையில்தான் வாரத்துக்கு மூன்று நாள் கைகால் பயிற்சி நடந்தது, மாத்திரை வந்தது. புருஷன் இல்லாத வீடு. மகன் கசோண்டே பல்கலைக்கழகத்தில் இரண்டாம் ஆண்டு படிக்கிறான்; பனா கசோண்டே என்றாலே கசோண்டேயின் அம்மா என்றுதான் அர்த்தம். "அடுத்த மாசம் எழுந்து வந்துடுவாங்க" என்று கிளையில் எல்லாரும் ஒவ்வொரு மாதமும் சொல்லிக்கொண்டார்கள்.

சுரங்கங்களுக்கு நேரில் போய்வரும் வேலையைக் கலாபா எடுத்துக்கொண்டான். கலாபாவுக்கு வாய் நீளம், மனசும் நீளம். வாடிக்கையாளர்களும் இதில் கூட்டு. சிசாங்கா மெயிலில் 'அன்புள்ள பனா கசோண்டே' என்று எழுதுவார். போனில் கூப்பிட்டு, "இப்ப கை அசையுதா?" என்று லோம்பேயிடம் கேட்பார். ஒரு நாளும் இரண்டையும் கலந்ததில்லை.

லோம்பேயை உறுத்திய விஷயம் வேறு ஒன்று. இந்த வேலை அவளுக்குப் பிடித்துவிட்டது. தன் பெயரில் எழுதும்போது நூறு முறை மன்னிப்புக் கேட்பவள், பனா கசோண்டேயின் பெயரில் எழுதும்போது "இதுக்குக் கீழே இறங்க முடியாது" என்று ஒரே வரியில் முடித்துவிடுவாள். எதிராளி ஒத்துக்கொள்வான். பொய் என்பதால் அதைச் சுத்தமாகச் செய்ய வேண்டும் என்று ஒரு மெயில் விடாமல் பட்டனை அழுத்தினாள், ஒரு சந்திப்பு விடாமல் குறித்தாள். நிஜமாக வேலை பார்ப்பவர்கள் பாதியை மறந்துவிடுவார்கள். இவள் மறக்கவில்லை. அதுதான் வினையாகப் போயிற்று.

லுசாக்காவிலிருந்து ஜேரே கூப்பிட்டார். நாடு முழுக்கக் கிளைகளை மாற்றிவிடும் பொறுப்பு அவருடையது. அவர் குரல் போனுக்கு வெளியிலும் கேட்கும்.

"லோம்பே, செவ்வாக்கிழமை நானே வர்றேன். எல்லா ஆளோட பதிவையும் பார்த்தேன்மா. குப்பை. ஒருத்தன் மூணு மாசமா ஒரு மெயிலைக்கூடச் சேர்க்கல. உருப்படியா இருக்கிற ஒரே பதிவு யாருதுன்னு சொல்லு."

லோம்பே போனைக் காதிலிருந்து கொஞ்சம் தள்ளிப் பிடித்தாள்.

"அந்தப் பெம்பாக்காரி பனா கசோண்டேயோடது! அம்பது வயசுக்கு மேல இருக்கிறவங்க இப்படி வச்சிருக்காங்கன்னு காட்டினா மத்தவங்களுக்கு வெக்கம் வரும். முதல்ல அவளைத்தான் மாத்தப் போறேன். அவ உட்கார்ந்து செய்யறதைப் படம் எடுத்து எல்லாக் கிளைக்கும் அனுப்பப் போறேன். என் பையைத் தூக்க ரெடியா இருக்கச் சொல்லு என் கைதியை."

"சார், அவங்க அன்னிக்குச் சுரங்கத்துல இருந்தாலும் இருப்பாங்க."

"எப்பக் கேட்டாலும் சுரங்கம். ஒரு நாள் மேல ஏறி வரச் சொல்லு."

கைதி என்று சொன்னதில் தப்பில்லை. ஜேரே ங்கோனி இனம், பனா கசோண்டே பெம்பா இனம். கொள்ளுத்தாத்தாக்கள் அடித்துக்கொண்ட சண்டையில் யார் ஜெயித்தது என்று இன்னும் முடிவாகவில்லை. ஜேரே கணக்கில் பெம்பாக்கள் எல்லாரும் அவருடைய கைதிகள். பெம்பாக்கள் கணக்கில் ங்கோனிகள் எலி தின்கிறவர்கள். இந்த இரண்டு கூட்டமும் ஒருத்தரை ஒருத்தர் என்ன வேண்டுமானாலும் சொல்லலாம். சாவு வீட்டில்கூடச் சொல்லலாம். கோபப்படுகிறவர்தான் மரியாதை கெட்டவர். ஜேரே கிட்வேக்கு வரும்போதெல்லாம் உள்ளே நுழைந்ததும் தன் பையைப் பனா கசோண்டேயிடம் நீட்டி, "தூக்குடி என் கைதியே" என்பார். பனா கசோண்டே அந்தப் பையை வாங்கி, ஜேரே உட்கார்ந்ததும் அவர் மடியிலேயே பொத்தென்று போடுவார். ஜேரேயின் மேசையில் முன்கூட்டியே ஒரு எலிப்பொறி வைத்திருப்பார், மத்தியானச் சாப்பாட்டுக்கு என்று. கிளையே சிரித்து உருளும்.

மதியம் பின்கட்டில், ஜெனரேட்டர் சத்தத்துக்குப் பக்கத்தில், லோம்பேயும் கலாபாவும் சாப்பிட உட்கார்ந்தார்கள். மின்சாரம் மாலைவரை வராது. அக்டோபர் வெயில் தகரக் கூரையிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தது. கலாபா சோளமாவுக் களியான நிஷிமாவை உருட்டிக் கபெண்டாப் பொடிமீன் குழம்பில் தொட்டான். லோம்பே உருட்டினதை வாயில் போடாமல் கையிலேயே வைத்திருந்தாள்.

"என்னை மாத்தணும்னு நீ சொன்னப்பவே கேட்டேன்ல" என்றான் கலாபா. "எல்லா மெயிலையும் தானே எடுத்துக்கும்னா என்னோடதையுமான்னு. ஒரு ஆம்பளைக்கு ரகசியமே இருக்கக் கூடாதா?"

"உன் ரகசியத்தை யாரு பார்க்கப் போறா. இதைப் பேசு."

"இதுல பேச என்ன இருக்கு? அவங்க போனை வாங்கிட்டு வருவோம். திரையில எண் வரும், நான் தட்டறேன். ஜேரே வர்றதுக்குள்ள மாத்தி முடிச்சிடு. வந்தா, முடிஞ்சிடுச்சு சார், அவங்க வெளியூர் போயிட்டாங்கன்னு சொல்லு."

"அவரு படம் எடுக்கணுமாம்."

"எல்லாம் நீ பண்ணின வேலை, தங்கச்சி. யாரு உன்னை அவ்வளவு நல்லா செய்யச் சொன்னது? நடுநடுவுல நாலு மெயிலை மறந்திருக்கக் கூடாது?"

அவன் விளையாட்டாகத்தான் சொன்னான். லோம்பேக்குக் கண் நிறைந்துவிட்டது. தெரியவந்தால் தன் வேலையும் போகும் என்பது அவளுக்குத் தெரியும். அவளுக்கும் ஒரு பெண் குழந்தை இருக்கிறது. ஆனால் அந்தப் பயம் இரண்டாவதாகத்தான் வந்தது. தான் சுத்தமாகச் செய்த வேலையே அந்த அம்மாளைக் காட்டிக்கொடுக்கப் போகிறது என்பதுதான் முதலில் வந்தது. கலாபா பேச்சை விட்டுவிட்டுத் தன் தட்டிலிருந்த மீனில் பாதியை வழித்து அவள் தட்டில் வைத்தான்.

ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து இருவரும் மினிபஸ்ஸில் பனா கசோண்டேயின் வீடு இருக்கும் சிம்வெம்வேக்குப் போனார்கள். பனா கசோண்டே சோபாவில் உட்கார்ந்திருந்தார். மடியில் சித்தெங்கே துணியை விரித்து, வலது கையை அதற்கு அடியில் வைத்திருந்தார். டிவியில் பாட்டுக் குழு ஒன்று சத்தமில்லாமல் வாயசைத்துக்கொண்டிருந்தது. கசோண்டே ஆளுக்கொரு குளிர்பானம் கொண்டுவந்து வைத்துவிட்டு அம்மாவின் காலடியில் உட்கார்ந்தான். லோம்பே விஷயத்தைச் சொன்னாள். பட்டன் போவது, எண் வருவது, போன் வேண்டியது. ஜேரே படம் எடுக்க வருவதை மட்டும் விட்டுவிட்டாள்.

கசோண்டே போனை எடுத்துக் கொடுத்தான். கலாபா அதை வாங்கிப் பனா கசோண்டேயின் முகத்துக்கு நேராகப் பிடித்தான். பூட்டு திறக்கவில்லை. முகம் பொருந்தவில்லை, மீண்டும் முயலவும் என்றது.

"கொஞ்சம் சிரிங்க" என்றான். சொன்ன மறுநொடியே நாக்கைக் கடித்துக்கொண்டான்.

பனா கசோண்டே சிரித்தார். முகத்தில் ஒரு பக்கம் சிரித்தது, இன்னொரு பக்கம் அப்படியே கிடந்தது. போன் மறுபடியும் பொருந்தவில்லை என்றது.

"விழுந்ததுலேர்ந்து அதுக்கு அம்மாவை அடையாளம் தெரியல" என்றான் கசோண்டே. "நம்பர் போட்டாத்தான் திறக்கும்."

பனா கசோண்டே இடது கையால் போனை வாங்கி, கட்டைவிரலால் ஒவ்வொரு எண்ணாகத் தேடித் தட்டினார். திறந்தது. திறந்ததும் மெயில்தான் தெரிந்தது. வெள்ளிக்கிழமை சிசாங்காவுக்கு லோம்பே எழுதிய பதில், பாதி படித்த நிலையில். இந்தப் போனிலும் அந்த மெயில்கள் வந்துகொண்டிருக்கும் என்று எட்டு மாதத்தில் ஒரு நாள்கூட அவளுக்குத் தோன்றவில்லை.

"தெனமும்... படிக்கிறேன்" என்றார் பனா கசோண்டே. சொற்கள் வாயின் ஒரு ஓரமாக, நின்று நின்று வந்தன. "சிசாங்கா வீட்ல... கல்யாணம் மூத்தவளுக்கு இல்ல. இளையவ. நீ... தப்பா எழுதிட்ட. அவரு... திருத்தல. பெருந்தன்மை."

"மன்னிச்சிடுங்க."

"நல்லா எழுதற. நான்... பயந்து பயந்துதான் விலை சொல்வேன். நீ பயப்படல." கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினார். "படிக்கும்போது... இவ யாரு, இவ்வளவு கெட்டிக்காரியா இருக்காளேன்னு... நினைப்பேன்."

லோம்பேயால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. பாராட்டு மாதிரிதான் இருந்தது. ஆனால் ஒருவரின் சட்டையைப் போட்டுக்கொண்டு அவர் எதிரிலேயே நடந்து காட்டியதுபோல் வெட்கமாக இருந்தது. கலாபா குறுக்கே புகுந்து, போனை மூன்று நாள் மட்டும் கொடுத்தால் போதும், செவ்வாய்க்கிழமை ஜேரே வந்து போனதும் திருப்பித் தந்துவிடுகிறோம் என்று உளறிவிட்டான்.

"ஜேரே... வர்றானா?"

அப்புறம் மறைப்பதற்கு ஒன்றுமில்லை. படம் எடுக்கப்போவதையும் லோம்பே சொல்லிவிட்டாள். "நீங்க கவலைப்படாதீங்க. சுரங்கத்துக்குள்ள இருக்கீங்கன்னு சொல்லிடறோம்."

"எட்டு மாசமா... சுரங்கத்துக்குள்ளயே இருக்கேன்" என்றார் பனா கசோண்டே. "இன்னும் எவ்வளவு ஆழம் போகணும்?"

கசோண்டே அம்மாவின் காலைத் தடவிக்கொண்டிருந்தான்.

"நான் வர்றேன்" என்றார்.

"அம்மா, வேணாம்."

"அவரு உங்களைப் பார்த்துட்டார்னா அன்னிக்கே எல்லாம் முடிஞ்சுது" என்றாள் லோம்பே. குரல் அவளை மீறி உயர்ந்துவிட்டது. "அட்டை போயிடும். பயிற்சி நின்னு போயிடும். இப்பத்தான் கால் ஊன ஆரம்பிச்சிருக்கீங்க."

"பார்த்தா... திட்டுவான். கைதின்னுவான். பையை நீட்டுவான். அப்படித் திட்டினவன்... அப்புறம் எப்படி என்னை வீட்டுக்கு அனுப்புவான்?" இடது கையால் துணியைச் சரிசெய்துகொண்டு கசோண்டேயைப் பார்த்தார். "எலிப்பொறி ஒண்ணு... வாங்கிட்டு வா."

செவ்வாய்க்கிழமை வேறு யாரும் வருவதற்கு முன்னால் கசோண்டே வாடகைக் காரில் அம்மாவைக் கூட்டிவந்தான். பழுப்பு நிறக் கோட்டும் பாவாடையும். முன்பு அளவாக இருந்த கோட்டு இப்போது தோளில் தொளதொளத்தது. லோம்பேயும் கலாபாவும் முந்தைய நாள் முழுக்கப் பேசி ஒரு ஏற்பாடு செய்திருந்தார்கள். அவர் எழுந்திருக்கவே கூடாது. மேசைக்குப் பின்னால் உட்கார்ந்தபடியே இருப்பார், நல்ல பக்கம் வாசலைப் பார்த்து. தொண்டை கட்டியிருக்கிறது என்று சொல்லி, பேச்சை எல்லாம் கலாபா பார்த்துக்கொள்வான். படம் எடுக்கும் நேரத்தில் கேமராவுக்கு ஏதாவது ஆகிவிடும். ஓட்டைச் சட்டியில் தண்ணீர் பிடிப்பது போன்ற ஏற்பாடுதான். வேறு வழி இருக்கவில்லை. பனா கசோண்டே எல்லாவற்றையும் கேட்டுத் தலையாட்டிவிட்டு, எலிப்பொறியை ஜேரே உட்காரும் மேசையில் வைக்கச் சொன்னார்.

ஜேரேயின் குரல் வாசலிலேயே கேட்டது. கலாபா எதிரே போய் நின்றான்.

"என்னடா, நான் வர்றேன்னு தெரிஞ்சதும் ஊர்ல இருக்கிற எலியெல்லாம் ஒளிச்சு வச்சிட்டீங்களா?"

"உங்க சொந்தக்காரங்க வந்து ஏற்கெனவே காலி பண்ணிட்டாங்க சார்."

ஜேரே தொப்பை குலுங்கச் சிரித்துக்கொண்டே உள்ளே வந்தார். எலிப்பொறியைப் பார்த்ததும் சிரிப்பு இரண்டு மடங்கானது. "எங்க அவ? எங்க என் கைதி?" என்று ஜன்னல் பக்கம் திரும்பினார். பையோடு அவர் கை பழைய வழக்கப்படி தானாகவே நீண்டது.

பனா கசோண்டே எழுந்து நின்றார். யாரும் எதிர்பார்க்கவில்லை. இடது கையை மேசையில் ஊன்றி, ஒரு பக்கமாகச் சாய்ந்து, கோட்டின் வலது கை கீழே தொங்க, முழு முகத்தையும் அவர் பக்கம் திருப்பி நின்றார்.

"வந்துட்டியா... எலி... தின்னி" என்றார்.

கிளையில் இருந்த எல்லாரும் ஜேரேயின் வாயைப் பார்த்தார்கள். லோம்பே வாழ்க்கையில் எத்தனையோ வேண்டியிருக்கிறாள், ஒருவர் இன்னொருவரைத் திட்ட வேண்டும் என்று அன்றுதான் வேண்டினாள். ஒரு வார்த்தை. பழைய வார்த்தைதான், புதிதாகக்கூட வேண்டாம்.

ஜேரேயின் கை பாதியில் நின்றது. பிறகு மெதுவாகத் திரும்பிப் போய், பையை உடம்போடு அணைத்துக்கொண்டது. சிரிப்பு முகத்தைவிட்டு எப்போது போனது என்று தெரியவில்லை. அவர் இரண்டடி முன்னால் வந்து, நாற்காலியைப் பிடித்துப் பனா கசோண்டேயின் பின்னால் நகர்த்தினார்.

"உட்காருங்கம்மா" என்றார். குரல் ஆஸ்பத்திரியில் பேசுகிற குரல். "நிக்காதீங்க. கஷ்டப்படாதீங்க."

கலாபா தரையைப் பார்த்தான். ஜேரே கோபப்பட்டிருந்தால்கூடக் காலில் விழுந்து சமாளித்திருக்கலாம். இந்த மரியாதையை எப்படிச் சமாளிப்பது? பனா கசோண்டே உட்கார்ந்தார். மறுபடியும் எதையோ சொல்லப் பார்த்தார், சொல் வரவில்லை.

"வேலையை முடிச்சிடலாம்" என்றார் ஜேரே யாரையும் பார்க்காமல். கேமராவை அவர் எடுக்கவே இல்லை. பையைக் காலுக்குக் கீழே வைத்துவிட்டு, தன் கம்ப்யூட்டரைத் திறந்து, அவரே பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொடுத்தார். பனா கசோண்டேயின் கம்ப்யூட்டரில் இருந்த பழைய பட்டனை எடுத்தார். ஆரஞ்சு நிறம் ஓரத்திலிருந்து காணாமல் போனது. திரையில் இரண்டு இலக்கத்தில் ஒரு எண் வந்தது. பனா கசோண்டேயின் கட்டைவிரல் போனில் அதைத் தேடிக்கொண்டிருக்கும்போதே நேரம் முடிந்து எண் மறைந்தது. லோம்பே கையை நீட்டினாள். பனா கசோண்டே போனைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"அவசரமில்ல, மெதுவா போடுங்க" என்றார் ஜேரே.

இரண்டாவது எண்ணும் போய்விட்டது. மூன்றாவதைப் பனா கசோண்டே தட்டிவிட்டார். புது ஏற்பாடு அவர் பெயரைச் சொல்லி வரவேற்றது. பிறகு பழைய மெயில்களை உள்ளே இழுக்க ஆரம்பித்தது. நேற்றையது, போன வாரத்தது, போன மாதத்தது என்று வரிசையாக இறங்கிக்கொண்டே போயின, எல்லாவற்றிலும் மேலே அவர் பெயர். ஜேரே முதலில் சும்மா பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கண்ணாடியை மாட்டிக்கொண்டு படிக்க ஆரம்பித்தார். ஒரு மெயிலில் நிறுத்தினார். தேதியைப் பார்த்தார். மேசைக்கு அடியில் அவர் மடியில் கிடந்த வலது கையைப் பார்த்தார். அதற்கப்புறம் நிமிர்ந்து, அறையில் இருந்தவர்களில் லோம்பேயை மட்டும் பார்த்தார்.

"இத்தனை மாசமும்..." என்று தொடங்கினார்.

"சார், அது நான்தான்..."

மேசையில் பட்டென்று ஒரு அடி விழுந்தது. பனா கசோண்டேயின் இடது கை.

"நான்" என்றார். அன்று அவர் பேசியதில் அந்த ஒரு சொல்தான் உடையாமல் வந்தது. "எல்லாம்... நான் எழுதினது."

ஜேரே லோம்பேயைப் பார்ப்பதை நிறுத்திவிட்டார். திரைக்குத் திரும்பினார். மெயில்கள் இன்னும் இறங்கிக்கொண்டிருந்தன. லுசாக்காவுக்குப் போனதும் அவர் ஒரு அறிக்கை எழுத வேண்டும், யார் யாரை மாற்றினோம், நேரில் கண்டது என்ன என்று. அது எல்லாருக்கும் தெரியும். என்ன எழுதப் போகிறார் என்று கேட்க யாருக்கும் துணிச்சல் வரவில்லை. அவரும் சொல்லவில்லை. கடைசியில் கம்ப்யூட்டரை மூடிப் பைக்குள் வைத்தார். மற்றவர்களுடையதை லோம்பே பார்த்துக்கொள்ளட்டும், வெயில் ஏறுவதற்குள் சிங்கோலா போக வேண்டும் என்றார். டீ வேண்டாம் என்று கையை ஆட்டிவிட்டார். பையை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

"வர்றேம்மா. உடம்பைப் பார்த்துக்குங்க."

பனா கசோண்டே இடது கையை ஊன்றி மறுபடியும் எழுந்தார். தாங்கிப் பிடிக்க வந்த கசோண்டேயை முழங்கையால் தள்ளிவிட்டார். மேசையைச் சுற்றிக்கொண்டு, வலது காலைத் தரையோடு இழுத்து, ஒவ்வொரு அடிக்கும் ஏதாவது ஒன்றைப் பற்றிக்கொண்டு வந்தார். லோம்பேயின் மேசை விளிம்பு, கலாபாவின் நாற்காலி, அப்புறம் பற்றிக்கொள்ள ஒன்றுமில்லாத வெறும் தரை. அதையும் கடந்து வந்து ஜேரேயின் எதிரே நின்று, பையின் வாரில் கையை வைத்தார்.

"குடு" என்றார்.

"அம்மா..."

"குடுடா... எலி தின்னி. உன் கைதி... தூக்கறேன்."

வார் இரண்டு பேர் கையிலும் இறுகி நின்றது. ஜேரே இழுக்கவும் இல்லை, விடவும் இல்லை. அவர் உதடுகள் ஏதோ சொல்லப் பிரிந்து, அப்படியே நின்றன. வெளியே அவருடைய டிரைவர் வண்டியைக் கிளப்பிவிட்டான். பனா கசோண்டே தன் இடது தோளைச் சற்றே தாழ்த்தி, எடை இறங்குவதற்காகக் காத்து நின்றார்.